எண்ணிக்கையும் மதிப்பும்

ஓர் அறிஞரின் பெருமையை எண்ணிக் காண இயலுமா? இவ்வினாவின் வரலாறு ஆசிரியப் பெருமக்கள் அறியத்தக்கது.

1927ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த குரோஸ் என்னும் பெயருடைய இருவர், கல்லூரி நூலகத்திற்கு எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம் என ஆராய்ந்தனர். அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அதன் அடிக்குறிப்புகளில் எவ்விதழ் எத்தனை முறை சுட்டப்பட்டது என்று எண்ணினர். அளவான பணத்தை அறிவோடு செலவிடப் பிறந்ததே இம்முறை.

நூலகப் பணியைக் கணிதத்தால் அளக்கும் கருத்தில் தமிழகத்திற்கும் பங்குண்டு. சீர்காழியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய இரங்கநாதன், 1948இல் இங்கிலாந்தில் 'லைப்ராமெட்ரி' எனும் பெயரால் அதனை முன்மொழிந்தார்.

1955இல் யூஜீன் கார்ஃபீல்டு, மேற்கோள்களுக்கு அட்டவணை வகுக்கும் திட்டத்தை வெளியிட்டார். 1960களில் அறிவியலுக்கும், 1970களில் பொருளியல் உள்ளிட்ட சமூகவியல் துறைகளுக்கும் அத்தகைய அட்டவணைகள் வெளிவந்தன. 1997இல் பல நாட்டுத் தன்னார்வலர்களின் உழைப்பால் 'ரெப்பெக்' என்னும் பொருளியல் ஆய்வுத் தொகுப்பு தோன்றியது. கட்டுரைகளின் தொகை, மேற்கோள்களின் தொகை முதலியவற்றைக் கொண்டு, ஆய்வாளரையும் நிறுவனங்களையும் அது வரிசைப்படுத்துகிறது. இதழை அளந்த கோல் மனிதரை அளக்கலாயிற்று.

இதனால் நன்மை இல்லாமலில்லை. வேண்டியவர், வேண்டாதவர் என்று எண் பார்ப்பதில்லை. பெயர் பெறாத கல்லூரியில் உழைப்பவரும் அதனால் வெளிச்சம் பெறலாம்.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியை நோக்குக. ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய மோட்டார் வண்டிச் சந்தையைச் சான்றாக வைத்து ஒரு கட்டுரை வரைந்தார். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாவிடின் சந்தையே சீர்குலையும் என்பது அதன் கருத்து. மூன்று இதழ்கள் அதனை ஏற்க மறுத்தன. நான்காம் இதழ் 1970இல் வெளியிட்டது. 2001இல் அவருக்குப் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று அக்கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் எண்ணிறந்தோர்.

எண் இறுதியில் மெய்யையே கூறிற்றன்றோ எனலாம். கூறிற்று; ஆனால் காலந்தாழ்த்திக் கூறிற்று. வேலை நாடி நிற்கும் இளம் ஆய்வாளர் அத்தனை ஆண்டுகள் காத்திருத்தல் இயலுமோ? அவர் கட்டுரையின் மதிப்பை இன்றே அறியும் வழி, அதனைப் படித்துப் பார்ப்பதொன்றே.

பொமோனா கல்லூரியார் எவ்விதழை வாங்குவது என்றே கேட்டனர். எவர் பெரியவர் என்று கேட்டாரல்லர். அவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.