துன்புறுத்தல்

‘துன்பு’ என்றாலும் ‘துன்பம்’ என்றாலும் ஒன்றுதான். அதோடு ‘உறு’ சேர்ந்தால் துன்புறு: துன்பத்தை அடைதல். இது தன்வினை. ‘அறிவுறு’ என்பது ‘அறிவுறுத்து’ ஆவதைப்போல, ‘துன்புறு’ என்பதும் ‘துன்புறுத்து’ எனப் பிறவினையாகிறது. அதாவது, பிறரைத் துன்பம் அடையச் செய்தல். செய்பவன் ஒருவன், படுபவர் இன்னொருவர் என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சட்டத்துக்கு இந்தச் சொல் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. 1998இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ இருந்தது. ஈவ் என்பது ஏவாள். டீசிங் என்பது கேலி, சீண்டல். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் வழியை மறித்து, கூசும்படி பேசுவதை விளையாட்டாகக் காட்டும் பெயர் அது. பின்னர் திருத்தத்தின் மூலம் அந்தப் பெயர் போய், ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்ற பொருளுள்ள பெயர் வந்தது.

பெண்ணுக்கு மிரட்சி, அச்சம், வெட்கம், சங்கடம் இவற்றில் ஒன்றை ஏற்படுத்தும், அல்லது ஏற்படுத்தக்கூடிய, ஆணின் அநாகரிகச் செயலே துன்புறுத்தல் என்கிறது சட்டம். வசைபாடுவதும் தாக்குவதும் இதில் அடங்கும். தொடக்கத்தில் தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 2025இல் தண்டனை மேலும் கடுமையாக்கப்பட்டது. மின்னணு வழித் தொல்லையும் சேர்க்கப்பட்டது.

இனி ‘சும்மா கிண்டல்தான்’ என்று யாராவது சொன்னால், சரியான சொல்லை நினைவூட்டுங்கள்: துன்புறுத்தல்.