பிரிந்த மொழியும் பிரியாத மொழியும்



எங்கள் ஊரவர் ஒருவர் சென்னையிலோ திருச்சியிலோ ஒரு கடையில் வாய் திறந்தால், "நீங்கள் மலையாளமா?" என்ற கேள்வி வருவது வழக்கம். போய் வந்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சிலர் மனத்தாங்கலோடும் சொல்வார்கள். தமிழனைப் பார்த்து நீ தமிழனா என்று கேட்பது போலல்லவா இது? ஆனால் அந்தக் கேள்விக்குள் ஓராயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. இன்று அதனைப் பார்ப்போம்.

இன்று மலையாளம் வழங்கும் நிலம் அன்று சேரநாடு. பதிற்றுப்பத்து அந்நாட்டு அரசர்மேற் பாடப்பட்டது. சிலப்பதிகாரம் செய்த இளங்கோவடிகளைச் சேரர் குடியினர் என்றே மரபு கூறும். கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த சேரமான் பெருமாள் நாயனாரும் குலசேகர ஆழ்வாரும் பாடியதும் தமிழிலேதான். மேற்குக் கரையார் தமிழுக்குப் புறத்தே நின்றவர்கள் அல்லர். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

ஆயினும் அதே 9ஆம் நூற்றாண்டிலேயே வேறொரு வழக்கும் எழுத்தில் தலைகாட்டுகிறது. கொல்லம் ஆண்டு 825இல் தொடங்குகிறது. கொல்லத்துத் தேவாலயம் ஒன்றுக்கு 849இல் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. தமிழ் கற்றவருக்கு அதன் பெரும்பகுதி விளங்கும். எனினும் மேற்குக் கரையின் பேச்சுவழக்கு அதில் இடையிடையே எட்டிப் பார்க்கும்.

பின்னர் பிரிவு வளர்ந்தது. நடுவே மலைத்தொடர் நின்றது. சோழருக்கும் சேரருக்கும் நெடும்போர் மூண்டது. மகோதயபுரத்துப் பெருமாள்களின் ஆட்சி 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முடிய, நாடு சிறு சிறு அரசுகளாயிற்று. நம்பூதிரிமாரின் கோயில்களும் ஊர்களும் வடமொழிக் கல்வியின் இருப்பிடங்களாயின. பாண்டிநாட்டிலே சோழராட்சியோடு வட்டெழுத்து மறைந்து, தமிழெழுத்து பரவிற்று. மேற்குக் கரையிலோ வட்டெழுத்து நெடுங்காலம் நிலைத்தது. வடமொழிக்கென வைத்திருந்த கிரந்தத்திலிருந்து இன்றைய மலையாள எழுத்துப் பிறந்தது. எழுத்து வேறானதும் ஏடு வேறாயிற்று. ஏடு வேறானதும் பள்ளி வேறாயிற்று.

பேச்சும் தன் வழியே போயிற்று. மாங்காய் 'மாங்ங' ஆயிற்று. மஞ்சள் 'மஞ்ஞள்' ஆயிற்று. தலை 'தல' ஆயிற்று. வந்தான், வந்தாள், வந்தார் என்ற வேறுபாடு தேய்ந்து, அவன் 'வந்நு', அவள் 'வந்நு' என ஒன்றாயிற்று. ஏ. ஆர். ராஜராஜவர்மா 'கேரளபாணினீயம்' என்ற தமது இலக்கண நூலில் இத்தகைய மாற்றங்களை ஆறு நெறிகளாக வகுத்துக் காட்டினார்.

தமிழகத்தில் 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தியார் நன்னூல் செய்தார். அதற்கடுத்த நூற்றாண்டிலே கேரளத்தில் 'லீலாதிலகம்' தோன்றிற்று. மணிப்பிரவாளத்துக்கு இலக்கணம் கூறும் அந்நூல் வடமொழிச் சூத்திரங்களால் ஆனது. ஆயினும் தமிழெழுத்துக்குள் நின்று, எதுகை மோனை தழுவிப் பாடும் 'பாட்டு' என்ற வகைக்கும் அது இடம் வைத்தது. இராமசரிதம் அவ்வகையைச் சார்ந்தது. பழைய வீட்டை விட்டுப் போனவர்கள் திறப்பை உடனே எறிந்துவிடவில்லை.

கவனியுங்கள்: எந்த அரசனும் இனி இது வேறு மொழி என்று ஆணையிடவில்லை. ஒருநாளில் நடந்ததும் அன்று. மலையாளத்தைக் கெட்டுப்போன தமிழ் என்பதும் தவறு. இரு கரைகளிலும் பழைய மொழி மாறிற்று. ஒவ்வொன்றும் ஒன்றை இழந்தது, ஒன்றைக் காத்தது.

இப்போது அந்தக் கடைக்காரரிடம் திரும்புவோம். காற்று, சோற்றுக்கு, வேற்றூர் என்னும் சொற்களில் வரும் 'ற்ற' ஒலியை நாம் நுனிநா அண்ணத்தைத் தொட்டுச் சொல்கிறோம். மலையாளிகளும் அப்படியே சொல்வர். தமிழகப் பேச்சில் அது பெரும்பாலும் மாறிவிட்டது. பேசுதல் என்ற பொருளில் எங்கள் முதியவர்கள் வழங்கிய 'பறைதல்' மலையாளத்திலும் உண்டு. கடைக்காரரின் காது பிழையாகக் கேட்கவில்லை. அது பழைய ஒலியைக் கேட்டது. பெயரைத்தான் மாற்றி வைத்தது.

மறுபுறம், உவன், உது, உங்கை என்ற சுட்டுகள் எங்களிடம் உண்டு. இவன், அவன் என்ற இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த 'உ' பழந்தமிழ்ச் சொத்து. தமிழகப் பேச்சிலும் அது இல்லை, மலையாளத்திலும் இல்லை. தாயின் நகைகளை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்டதுபோல, மூன்று பேச்சுகளும் வெவ்வேறு பொருளைக் காத்து வைத்திருக்கின்றன.

மலையாளத்தாரோடு எங்களுக்கு நேர்த் தொடர்பும் இருந்தது. பொலனறுவையில் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பட்ட வேளைக்காரர் கல்வெட்டு, படைப்பிரிவுகளுள் வடுகரோடு மலையாளரையும் எண்ணுகிறது. அக்கல்வெட்டோ தமிழில் உள்ளது! 1215இல் வந்த மாகனின் படையில் கேரள வீரர் இருந்ததாகச் சூளவம்சம் சொல்லும். அதன்பின்னரே வன்னியர் குறுநில ஆட்சிகள் தெளிவாகத் தெரியவருகின்றன. எனினும் எங்கள் பேச்சின் ஒலிக்கு அந்தப் படைகளைக் காரணமாக்குவது அவசரம். பொதுவான பழமையை இருவரும் காத்தார்கள் என்பதே பொருந்தும்.

மொழி பிரிந்தும் கதை பிரியவில்லை. திருவனந்தபுரத்து ஆற்றுக்காலிலே பொங்காலை நாளில் கண்ணகி கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுவர். பாண்டியன் மடியும் பகுதி முடிந்தபின்னரே அடுப்பு மூட்டுவர். எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்திலே, நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில், வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிறது. இரண்டும் மதுரையை எரித்த ஒரே பெண்ணின் பெயரால்.

அப்படியானால், மலைக்கு அப்பால் இருந்தவர் மொழி பிரிந்துபோக, கடலுக்கு அப்பால் இருந்த எங்கள் மொழி ஏன் பிரியவில்லை? கடலில் போக்குவரத்து ஓயவில்லை என்பது ஒரு காரணம். எழுதிய மொழி ஒன்றாகவே இருந்தது மற்றொரு காரணம். எங்கள் திண்ணைப் பள்ளியிலும் நன்னூலே படித்தார்கள். எங்கள் கோயிலிலும் கந்தபுராணமே படித்துப் பயன் சொன்னார்கள். நாவலர் அச்சிட்ட நூல்கள் இரு கரைகளுக்கும் பொதுவாயின. பேச்சு எவ்வளவு விலகினாலும் ஏடு கட்டிப் பிடித்தது.

இன்று எங்கள் சனம் மலையும் கடலும் தாண்டிச் சிதறியிருக்கிறது. 2009வரை வன்னியிலே ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வளர்கிறார்கள். அவர்களைப் பிணைத்து வைக்கப்போவது எழுத்துத் தமிழ். அவர்கள் யார் என்று காட்டப்போவது பேச்சுத் தமிழ். இரண்டும் வேண்டும். ஆகவே கட்டுரையில் பிள்ளை இலக்கணத்தோடு எழுதட்டும். ஆனால் அம்மம்மாவிடம் "உதென்ன?" என்று கேட்கும்போது, தயவுசெய்து அதைத் திருத்திவிடாதீர்கள்.