கம்மாபுரத்துச் சுவருக்கு வந்து சேரும் வெள்ளை

மார்கழி பிறந்தால் கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்திலும் கம்மாபுரத்திலும் பெயிண்ட் கடை வாசலில் 20 லிட்டர் வாளிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கி நிற்கும். பொங்கலுக்குள் வீட்டுக்குப் புது நிறம் ஏற்றிவிட வேண்டும் என்று வருகிறவர்கள், ஹாலுக்கு என்ன, படுக்கையறைக்கு என்ன என்று ஷேடு கார்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு கடைக்காரர், "பிரைமர் எதுண்ணே போடட்டும்?" என்பார். "ஏதாவது ஒண்ணு போடுப்பா, உள்ளதான போவப்போவுது" என்று பதில் வரும்.

நிறத்துக்கு அடியில் போகிற அந்தப் பிரைமரின் வெள்ளை, சுவருக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. அதற்கு முன்னால் இந்தச் சுவர்களில் இருந்த வெள்ளையைச் சொல்லிவிட வேண்டும். அதன் கதை தெரியாமல் இதன் கதை புரியாது.

ஒரு தலைமுறைக்கு முன் இங்கே வீடு என்றால் செம்மண் சுவர், அல்லது செங்கல் சுவர். இரண்டுக்கும் பூச்சு சுண்ணாம்புதான். கிழக்கே கடற்கரைக் கழிமுகங்களில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. 900 டிகிரி அளவுக்குச் சூடேறும்போது கிளிஞ்சலில் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூக்கும். அதைக் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் வஜ்ஜிரமோ கஞ்சியோ சேர்த்து, மஞ்சள் தட்டாமலிருக்கத் துளி நீலம் போட்டு, நசுக்கிய மட்டையால் அடிப்பார்கள். சுவரில் ஏறிய சுண்ணாம்பு, போன கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கிளிஞ்சலின் பொருளாகவே இறுகிவிடும். அப்படி வாங்கிக்கொள்ள அதற்கு ஈரம் வேண்டும். காய்ந்த சுவரில் அடித்தால் தூளாக உதிரும். அதனால்தான் விவரமானவர்கள் அடிப்பதற்கு முன் சுவர்மீது தண்ணீர் தெளித்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து நிற்கும் சுவருக்கு மார்கழியில் வெள்ளையடிப்பது சுண்ணாம்புக்கு மிகப் பொருத்தமான காலம். ஓதம் ஏறினாலும் சுண்ணாம்பு அதை அடைத்து வைக்காது. சுவர் மூச்சு விடும். பொருள் மாறிவிட்டது, நாள்காட்டி மட்டும் மாறவில்லை. நம் ஊர்ச் சுவர்களில் பெயிண்ட் உரிந்து தொங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி பிரைமரின் கதைக்கு வருவோம். வாளியைத் திறந்தால் தெரியும் வெண்மை, தென்கோடிக் கடற்கரையின் கறுப்பு மணலில் தொடங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறையிலும் அலை ஒதுக்கும் கரிய மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலில் தேடி வந்தது மோனசைட்டை. கேஸ் விளக்குகளின் மேண்டிலுக்கு அப்போது அதுதான் தேவைப்பட்டது. இல்மனைட்டுக்கு மவுசு வந்தது டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளை நிறமியை அதிலிருந்து பிரிக்கத் தெரிந்த பிறகு. 1946இல் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் நிறுவப்பட்டது. அங்கே தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைத்து எடுக்கும் முறை. 1980களில் சவறையில் தொடங்கிய கேரள அரசு ஆலையில் குளோரின் வாயுவைக் கொண்டு பிரிக்கும் முறை. இன்று நம் கடைக்கு வரும் வாளியில் சவறை வெள்ளையும் இருக்கலாம், சீனாவிலிருந்து கப்பலில் இறங்கிய வெள்ளையும் இருக்கலாம். வாளியில் அது எழுதியிருக்காது.

இந்த நிறமிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வெண்மை என்பது ஒளியைச் சிதறடிக்கும் திறமை. சுண்ணாம்புத் தூளின் ஒளிவிலகல் எண் 1.6 அளவு, பெயிண்டில் இருக்கும் பசைப் பொருளுக்கு 1.5. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், பசைக்குள் மூழ்கிய சுண்ணாம்புத் தூள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அடியில் இருப்பதை மறைக்காது. டைட்டானியம் டைஆக்சைடுக்கோ 2.7. பசைக்குள் கிடந்தாலும் ஒளியைத் திருப்பி அடிக்கும். வெள்ளையடித்த சுவர் ஈரமாக இருக்கும்போது மங்கலாகத் தெரிந்து, காய்ந்த பிறகு பளிச்சென்று ஆவதற்கும் இதே கணக்குதான். துளைகளில் தண்ணீர் போய்க் காற்று வந்ததும் வித்தியாசம் கூடுகிறது, வெண்மையும் கூடுகிறது.

டைட்டானியம் விலை அதிகம். ஆகவே பிரைமரில் அது கொஞ்சம்தான். மீதியை நிரப்புவது அரைத்த கால்சைட்டும் சீனக் களிமண்ணும். களிமண் துகள்கள் தட்டையானவை. அவை இடையில் புகுந்து நிறமித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி வைக்கின்றன, வாளியின் அடியில் வண்டல் இறுகாமலும் பார்த்துக்கொள்கின்றன. களிமண் என்றதும் கம்மாபுரத்துக்காரருக்குத் தன் ஊர்ப் பக்கம் நினைவுக்கு வரும். நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, கரிக்காக மேல்மண்ணை அகற்றியபோது வெண்களிமண்ணும் கூடவே வந்தது. அதை நம்பித்தான் விருத்தாசலம் பீங்கான் ஊரானது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகம்கூட அங்கே இருக்கிறது. கோப்பையாகவும் பொம்மையாகவும் மின்கம்பத்துப் பீங்கானாகவும் போன மண் அது. இந்த மண்ணுக்காகவும் கரிக்காகவும் நிலம் கொடுத்த குடும்பங்கள் கம்மாபுரம் ஒன்றியத்தில் நிறைய. சுவருக்கு நிறம் பூசுவதைப் பற்றிப் பேசும்போதும் அதை மறக்க முடிவதில்லை.

நிறமியும் களிமண்ணும் வெறும் தூள். அவற்றைச் சுவரில் பிடித்து வைப்பது பசை. பிரைமரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பசையில் இரண்டு குலம். ஒன்று தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பிரைமர். பால் மாதிரி, மிக நுண்ணிய பிசின் துளிகள் தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் வற்ற வற்றத் துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஏடாகிவிடும். மற்றொன்று டர்பன்டைனில் கலக்கும் ஆயில் பிரைமர். இதன் பசைக்கு அல்கைட் என்று பெயர். ஆமணக்கெண்ணெய், சோயா எண்ணெய் போன்ற ஏதாவதோர் எண்ணெயோடு இரண்டு ரசாயனங்களைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். அதில் ஒன்று பென்டாஎரித்ரிட்டால். நான்கு பக்கமும் பிணைந்துகொள்ளக்கூடிய மூலக்கூறு என்பதால் எண்ணெய்களை வலையாகக் கோத்துவிடும். இந்தப் பென்டாவைத் தயாரித்துவந்த ஏஷியன் பெயிண்ட்ஸ் ஆலை இருப்பது கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில்! கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். சிப்காட்டைச் சுற்றிய ஊர்க்காரர்கள் காற்றுக்காகவும் நிலத்தடி நீருக்காகவும் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள் என்பதும் இந்த வெள்ளையின் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டியது.

பழைய பிரைமர்களில் ஈயமும் இருந்தது. வெள்ளை ஈயம் பெயிண்டர்களை நோயாளியாக்குவதைப் பார்த்து, வீட்டுக்குள் அடிப்பதைத் தடுக்கச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921லேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. ஆகவே அதற்கு முன்பு பெயிண்ட் அடித்த கதவு, ஜன்னலை உலர்வாகத் தேய்க்க வேண்டாம். தண்ணீர் தொட்டு, அதற்கான உப்புத்தாளில் தேயுங்கள். குழந்தைகளை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

பெயிண்ட் ஆலைகள் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கின்றன, புதுச்சேரியில் இருக்கின்றன. அங்கிருந்து லாரி, கிடங்கு, கடை, பிறகு டூவீலரின் பின்சீட்டு. பயணத்தின் இந்தப் பகுதியில் சொல்வதற்கு அதிகம் இல்லை. வெயிலில் நாள்கணக்காகக் காயாத வாளியாகவும், தயாரிப்புத் தேதி பழசாகாததாகவும் பார்த்து வாங்கினால் போதும். ஆனால் விலை மலிவான பிரைமரில் எது குறைகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். குறைவது வெள்ளை அல்ல, பசை. பசை குறைந்த இடத்தில் காற்று நிற்பதால், வெள்ளையைச் சுண்ணாம்புத் தூளே ஈடுகட்டிவிடும். அடித்து மறுநாள் கருப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெளுத்தால் அந்தப் பிரைமர் தன்னையே பிடித்துக்கொள்ளவில்லை. மேலே வரும் நிறத்தை அது எப்படிப் பிடிக்கும்?

இனி சுவர். இங்கே மறு பெயிண்டுக்குக் காத்திருக்கும் சுவர்களில் மூன்று தலைமுறை உண்டு. சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாகத் தடித்த பழைய சுவர். இந்திரா நினைவுக் குடியிருப்புக் காலத்திலிருந்து, 2010இன் கலைஞர் வீடு வழங்கும் திட்டம்வரை எழுந்த, வெள்ளை சிமெண்டோ டிஸ்டெம்பரோ கண்ட சிமெண்ட் பூச்சுச் சுவர். போன வருஷம் பூசிய புதுச் சுவர். மூன்றுக்கும் ஒரே பிரைமர் என்பது ஒரே மருந்து என்பதுபோல் தப்பு.

பழைய சுண்ணாம்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் மாவு ஒட்டும். பிரைமர் அந்த மாவோடுதான் ஒட்டும், சுவரோடு ஒட்டாது. ஒரு வருஷத்தில் மாவும் பிரைமரும் நிறமும் ஒரே ஏடாக உரிந்து வரும். சுரண்டியை எடுத்து, சாரத்தில் ஏறி, பூச்சு தெரியும்வரை சுரண்டுவதைத் தவிர வழியில்லை. கூலி அதிகமாகும், தூசியும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் மொத்தச் செலவில் இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. சுரண்டிக் கழுவிக் காயவிட்ட பிறகும் லேசாகத் தூள் தட்டினால், அங்கே ஆயில் பிரைமர் நன்றாக வேலை செய்யும். அது உள்ளே ஊறிப்போய்த் தூளைக் கட்டும்.

புதுச் சிமெண்ட் பூச்சில் அதே ஆயில் பிரைமர் கெடுதல். சிமெண்டின் காரம் கடுமையானது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு, வேதியியல் அப்படித்தான். பசை சோப்பாகிப் பிசுபிசுத்து, நிறம் திட்டுத்திட்டாக வெளிறும். புதுப் பூச்சை 28 நாள் காத்து, அதற்கு மேலும் உலர விட்டு, அக்ரிலிக் பிரைமர் அடிப்பதே முறை. பட்டி பார்ப்பதிலும் வரிசை இருக்கிறது. வெள்ளை சிமெண்ட் பட்டி நேராகப் பூச்சின் மேல், சுவரை நனைத்துப் போடுவது. அதற்கு அடியில் பிரைமர் வேண்டியதில்லை, மேலேதான் வேண்டும். அக்ரிலிக் பட்டி என்றால் கீழே ஒரு பிரைமர், மேலே ஒரு பிரைமர். இதை மாற்றிப் போட்டுவிட்டுப் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

எல்லாவற்றுக்கும் மேலான எதிரி ஈரம். கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவக்காற்றுத் தருவது. 2011இல் தானே புயல் கரையேறியது டிசம்பர் 30, அதாவது பொங்கலுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால். 2015இன் வெள்ளமும் 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலும் இதே பருவத்தில்தான். செங்கலும் பூச்சும் வாரக்கணக்கில் குடித்த தண்ணீர், இரண்டு நாள் வெயிலில் போகாது. மேலே காய்ந்ததுபோல் தெரியும். அதன்மேல் பிரைமரையும் எமல்ஷனையும் ஏற்றினால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் சித்திரையில் சூடேறி வெளியே தள்ளும். கொப்புளம் கிளம்பும். மண்ணிலும் செங்கலிலும் இருந்த உப்பைக் கரைத்து இழுத்து வந்து, பிரைமருக்கு அடியிலேயே பூக்க வைக்கும். எந்தப் பிரைமரும் ஓதத்தை நிறுத்தாது. ஓதம் ஏறும் சுவருக்கு முதலில் அடித்தளத்தையும் கூரை ஒழுக்கையும் சரி செய்ய வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு முழம் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. மார்கழியில் இந்த வட்டாரத்து வீடுகள் பலவற்றில் தாள் வியர்க்கத்தான் செய்யும். பொங்கலுக்கு வீட்டைக் கழுவி, ஒட்டடை அடித்து, வாசலுக்குக் காவி இட்டுக்கொள்ளலாம். உள்சுவருக்குப் பிரைமரை மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் வீடு புதுசாகிவிடும், பெயிண்டரும் அவசரமில்லாமல் கிடைப்பார்.

அடிக்கிற அன்று கணக்கு இவ்வளவுதான். பன்னிரண்டுக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போக 400 சதுர அடி. லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்தால் ஒரு கோட்டுக்கு 4 லிட்டர். தண்ணீர் எவ்வளவு என்பது வாளியின் முதுகில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு சொம்புகூட வேண்டாம், ஊற்றுகிற ஒவ்வொரு சொம்பும் பசையை மெலிய வைக்கிறது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நாலைந்து மணி நேரம். பிரஷையும் ரோலரையும் கழுவிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல், மண்ணில் குழி வெட்டி ஊற்றி மூடிவிடுங்கள்.

காலியான வாளிக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. கைப்பிடியும் மூடியும் உறுதியான 20 லிட்டர் வாளியை எந்த வீடும் தூக்கிப் போடாது. மாட்டுக்குக் கழனித் தண்ணீர் வைக்க, துணி அலச, கிணற்றடியில் நீர் சேர்த்து வைக்க என்று பத்து வருஷம் உழைக்கும். குடிக்கிற தண்ணீரையும் சாப்பிடுகிற பொருளையும் மட்டும் அதில் வைக்காதீர்கள். அதற்காகச் செய்த பிளாஸ்டிக் அல்ல அது.