பத்துக் குற்றங்களும் கடல் புகுந்த வயலும்

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். கல்லூரியில் கட்டுரை எழுதுவோர்க்கும், அவற்றைத் திருத்துவோர்க்கும் பயன்படக்கூடும் என்று எண்ணி எழுதுகிறேன்.

விடுமுறைக்குச் சிப்பிகாட்டுக்கு வந்திருந்தபோது அடுத்த வீட்டுப் பெண் சில தாள்களுடன் வந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் இளங்கலை முதலாண்டு படிக்கிறாள். பொதுத்தமிழ்த் தாளுக்காக ‘இயற்கைப் பேரிடர்கள்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதியிருந்தாள். “அக்கா, ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள், போதும்” என்றாள்.

பார்த்தேன். மூன்று பக்கங்களில் ஒற்றுப்பிழை இரண்டே இரண்டுதான். முன்னுரையில் ஐம்பூதங்கள் வந்தன. அடுத்து நிலநடுக்கம், புயல், வெள்ளம், வறட்சி என்று துணைத்தலைப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்தைந்து வரிகள். முடிவுரையில் இயற்கையைக் காப்போம் என்னும் உறுதிமொழி. ஆழிப்பேரலைக்கும் ஐந்து வரிகள் கிடைத்திருந்தன. கடலையே கண்டிராத ஒருவரும் அந்த ஐந்து வரிகளை எழுதியிருக்க முடியும்.

நாங்கள் அமர்ந்திருந்த திண்ணையிலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்புத் தெரியும். 2004 டிசம்பர் 26-க்கு முன்பு அவ்விடம் வயல். அன்று காலை நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை வந்தது, திரும்பிச் சென்றது. நிலம் தாழ்ந்துவிட்டமையால், அதன்பின் ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் வயலுக்குள் வந்தது. ஆகவே, சிப்பிகாட்டின் தாழ்நிலங்களில் பயிரிட்டு வந்தவர்கள் தங்கள் நிலத்தை ஒருநாள் வந்த பேரலைக்கு மட்டும் இழக்கவில்லை; நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும் ஓதத்துக்கு இழந்தார்கள். அப்பெண்ணின் தாத்தாவும் அவர்களுள் ஒருவர். கட்டுரையில் அவர் இல்லை, வயல் இல்லை, சிப்பிகாடும் இல்லை.

அவளைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. அதே வயதில், ஏறத்தாழ அதே தலைப்பில், அதே கட்டுரையை நானும் எழுதியிருக்கிறேன். அந்த அலை வந்தபோது எனக்கு வயது ஏழு. கட்டுரையில் அந்த ஏழு வயதுச் சிறுமிக்கு இடமிருக்கவில்லை. எனக்குக் கிடைத்த திருத்தம் இரண்டு சிவப்பு வட்டங்கள். அவற்றின் கீழே ‘நன்று’ என்னும் ஒரு சொல். அந்த ‘நன்று’தான் பல ஆண்டுகள் என்னை ஏமாற்றியது.

அக்கட்டுரைகளில் இருந்த குற்றம் என்ன? பிழையற்ற தமிழில், முறையான தலைப்புகளுடன் எழுதப்பட்ட ஒன்றை எவ்வாறு குறைகூறுவது? இவ்வகைக் குறைகளுக்குத் தமிழில் நெடுங்காலமாகவே பெயர்கள் உள்ளன. நாம் அவற்றை மனப்பாடம் செய்துவிட்டுப் பயன்படுத்த மறந்துவிட்டோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டியதால் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். அதன் பாயிரப்பகுதி ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும், அமைய வேண்டிய அழகுகள் பத்து என்றும் வகுக்கிறது. பள்ளியில் இவற்றை நெட்டுருப் போட்டிருப்போம். ஆனால் அந்தப் பத்தில் மொழிப்பிழையைப் பற்றியது ஒன்றே ஒன்றுதான் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? வழூஉச்சொல் புணர்த்தல் என்பது அது. மற்ற ஒன்பதும் சிந்தனையைப் பற்றியவை: வேண்டிய அளவுக்குக் குறைத்துச் சொல்வது, மிகுத்துச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன் சொன்னதற்கு மாறாகச் சொல்வது, படிப்பவர் இதுவோ அதுவோ என்று மயங்குமாறு வைப்பது என்று அவை விரிகின்றன. பிழைகளுள் பத்தில் ஒன்பது எழுதுகோலில் பிறப்பதில்லை, எண்ணத்தில் பிறக்கின்றன என்பது பவணந்தியாரின் கணக்கு.

இந்தக் கணக்கு அவருக்கும் முந்தியது. தொல்காப்பியத்தின் மரபியல் தரும் பத்துக் குற்றங்களும் ஏறத்தாழ இத்தன்மையனவே. ஆனால் அங்கே இரண்டு குற்றங்கள் என்னை எப்போதும் நிறுத்திவிடும். ஒன்று, கேட்பவர்க்கு இன்னாததாக அமைவது. மற்றொன்று, எவ்வகையாலும் மனம் கொள்ளுமாறு இல்லாமற் போவது. எழுதியவர் சரியாகத்தான் எழுதினார். ஆயினும் படித்தவர் நெஞ்சில் ஒன்றும் தங்கவில்லை. அதுவும் எழுதியவர் குற்றமே என்கிறது அம்மரபு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இவையெல்லாம் இலக்கண நூல்களுக்கான விதிகள், கல்லூரிக் கட்டுரைக்கு எவ்வாறு பொருந்தும்? நியாயமான கேள்வி. விடைகாணக் கட்டுரை என்னும் சொல்லின் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும்.

கட்டுரை பழைய சொல். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் கட்டுரை காதை என்றே ஒரு பகுதி உண்டு. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு நடந்தவற்றின் காரணத்தை எடுத்துரைக்கும் இடம் அது. அந்நூலின் தொடக்கத்தில் உரைபெறு கட்டுரை என்னும் உரைநடைப் பகுதியும் உண்டு. அங்கெல்லாம் அச்சொல் பொருள் பொதிந்த பேச்சு, உறுதியாகச் சொல்லப்பட்ட கூற்று என்னும் பொருள்களில் நிற்கிறது. கட்டு, உரை என்று பிரித்தால் கட்டப்பட்ட உரை. இத்தீவுகளில் வளர்ந்த எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். எங்களைச் சுற்றி வங்காளமும் இந்தியும் தெலுங்கும் ஒலிக்கும். கட்டுரையை இந்தியில் நிபந்தம் என்பார்கள், வங்காளத்தில் பிரபந்தம் என்பார்கள். இரண்டிலும் உள்ள ‘பந்த’ என்னும் பகுதிக்குக் கட்டுதல் என்றே பொருள். வெவ்வேறு மொழிக் குடும்பங்கள் இவ்வெழுத்து வகையை ஒரே உருவகத்தால் அறிந்திருக்கின்றன.

ஐரோப்பியச் சொல்லின் பிறப்பு வேறு. மொந்தேன் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1580-இல் தம் நூலுக்கு இட்ட பெயரின் பொருள் முயற்சிகள் என்பது. ஒரு பொருளைப் பற்றித் தாம் உண்மையில் என்ன நினைக்கிறோம் என்று சோதித்துப் பார்க்கும் எழுத்து அது. பேக்கன் 1597-இல் அப்பெயரை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அடிசனும் ஸ்டீலும் 1711-இல் தொடங்கிய ஸ்பெக்டேட்டர் இதழ் அதை அன்றாட வாசிப்பாக்கியது.

இவ்விரு மரபுகளும் சந்தித்த இடம் சென்னை. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதற்குச் சற்று முன்பிருந்தே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பாலபாடங்கள் வழியாகத் தெளிவான பள்ளி உரைநடையை உருவாக்கிவந்தார். நிறுத்தக் குறிகளைத் தமிழில் முறையாகப் பயன்படுத்தியோருள் முன்னோடி அவர். நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவரும் அவரே என்பது தற்செயலன்று. நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பரிதிமாற் கலைஞர் தமிழ் கற்பித்தார். அந்நாளில் கட்டுரைக்கு வியாசம் என்னும் பெயரே பெரிதும் வழங்கியது. அவருடைய கட்டுரைத் தொகுப்பின் பெயரும் ‘தமிழ் வியாசங்கள்’. தெலுங்கில் இன்றும் அச்சொல்லே வழங்குகிறது. அதே கல்லூரியில் 1898 முதல் 1911 வரை பணியாற்றிய மறைமலையடிகள், அடிசனின் கட்டுரைகளைத் தழுவிச் ‘சிந்தனைக் கட்டுரைகள்’ எழுதினார். முல்லைப்பாட்டுக்கு அவர் எழுதிய ஆராய்ச்சியுரை 1903-இல் வெளிவந்தது. இவர்கள் அனைவரும் பழைய இலக்கணத்தில் ஊறியவர்கள், புதிய வடிவத்தைக் கண்டு அஞ்சாதவர்கள். கட்டுதலையும் முயலுதலையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்று காட்டியவர்கள்.

ஆகவே, நூலுக்குரிய விதிகள் கட்டுரைக்குப் பொருந்துமா என்னும் கேள்விக்கு அவர்களே விடை. வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதை அளந்து பார்க்கும் கோல் இங்கே ஏற்கனவே இருந்தது.

பின்னர் அந்தக் கோல் எவ்வாறு கைநழுவியது? தேர்வுக்கூடம் ஒரு பெருங்காரணம் என்பது என் கருத்து. ஒருவர் நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைச் சில நாட்களில் திருத்த வேண்டியிருக்கும்போது, எண்ணக்கூடியவற்றையே எண்ணுவார். ஒற்றுப்பிழையை எண்ணலாம். துணைத்தலைப்புகளை எண்ணலாம். குறிப்புச்சட்டம், முன்னுரை, முடிவுரை ஆகியன உண்டா என்று ஒரு பார்வையில் சரிபார்க்கலாம். ஒரு கட்டுரை வலுவாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிகிறதா என்பதை அறிய முழுவதையும் படித்தாக வேண்டும். நன்னூலார் அக்குற்றத்தைச் சென்று தேய்ந்து இறுதல் என்கிறார். அதற்குச் சிவப்பு வட்டம் போட இடமில்லை. திருத்துபவர் எதை எண்ணுகிறாரோ, எழுதுபவர் அதையே கற்கிறார். இவ்வாறு கட்டுரையில் கட்டு மட்டும் எஞ்சியது, முயற்சி நீங்கியது.

மொழிப்பிழை சிறியது என்று நான் சொல்ல வரவில்லை. அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என் மேசையை விட்டு அகன்றதில்லை. மாணவர்கள் அதைப் படித்தே ஆகவேண்டும். வல்லினம் மிகும் இடம் தெரியாமல் எழுதினால் பொருளே மாறிவிடும். ஆனால் பத்தில் ஒன்றைத் திருத்திவிட்டுப் பத்தையும் திருத்தியதாக எண்ணுவது தவறு.

ஆய்வேட்டின் முதல் இயலை மூன்றுமுறை திரும்பப் பெற்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. அன்று முதல் இப்படிச் செய்கிறேன். எழுதி முடித்தபின் ஒருநாள் அதைத் தொடுவதில்லை. மறுநாள் ஒவ்வொரு குற்றத்துக்காகவும் ஒருமுறை என்று தனித்தனியே படிக்கிறேன். பத்தியை ஒரு வாக்கியத்தில் சுருக்க முடியாவிட்டால் அது வெற்றெனத் தொடுத்தல். சொற்கள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே பொருள் இல்லை. தலைப்பை மூடிவிட்டுப் பத்தியைப் படிக்கும்போது வேறொரு தலைப்புத் தோன்றினால் அது மற்றொன்று விரித்தல். ஒரு வாக்கியத்தை நீக்கியும் எதுவும் குறையவில்லையென்றால் அது நின்று பயனின்மை. இக்கடைசிச் சோதனையில் என் இயலிலிருந்து பதினொரு பக்கங்கள் போயின. பெரும்பாலும் முன்னுரையிலிருந்தே போயின.

தொடங்குவதற்கும் நன்னூலில் உதவி உண்டு. அது கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் முதலாவது நுதலிப் புகுதல். சொல்லப்போவது இன்னதென்று குறிப்பிட்டுவிட்டு உள்ளே நுழைவது. ஐம்பூதங்களிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆய்வு மாணவர்களுக்கு அதன் ஏழு மதங்கள் இன்னும் பயன்படும். பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பின் களைவது, இருவர் மாறுபடும்போது ஒருபக்கம் துணிவது என்று ஓர் அறிஞர் எடுக்கக்கூடிய நிலைகளை அது வகுக்கிறது. முன்னாய்வுகளைப் பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துபோகும் நம் ஆய்வேடுகளில் இந்த ஏழில் ஒன்றுகூட இருப்பதில்லை.

அன்று அப்பெண்ணிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. இரண்டு ஒற்றுப்பிழைகளையும் திருத்திக் கொடுத்துவிட்டு ஒன்றுமட்டும் கேட்டேன்: “இதில் உனக்கு மட்டுமே தெரிந்த ஒரு வரி எங்கே இருக்கிறது?”

நெடுநேரம் தாளைப் பார்த்தாள். பிறகு, “அதையெல்லாம் எழுதலாமா அக்கா? மதிப்பெண் குறைந்துவிடாதா?” என்றாள்.

குறையாது என்று உறுதிகூற என்னால் இயலவில்லை. குறையவும் கூடும். ஆனால் குன்றக் கூறல் என்பதும் குற்றம்தான் என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது அது. இந்த ஊரில் பிறந்தவள் பேரிடரைப் பற்றி எழுதும் கட்டுரையில் இந்த ஊரை விட்டுவிட்டால், அதைவிடப் பெரிய குறை வேறென்ன?

இரண்டு நாள் கழித்துப் புதிய தாளுடன் வந்தாள். இப்போது அது தாத்தாவிடமிருந்து தொடங்கியது. அலை வடிந்த பின்னும் அவர் அடுத்த பருவத்துக்கு விதைநெல் எடுத்துவைத்தது, மழை உப்பைக் கழுவிவிடும் என்று காத்திருந்தது, ஓதம் நிற்கவே இல்லை என்று ஒருநாள் உணர்ந்தது ஆகியவை முதற்பக்கம். நிலம் ஏன் தாழ்ந்தது என்னும் அறிவியல் விளக்கம் இரண்டாம் பக்கம். பேரிடர் என்பது ஒருநாள் நிகழ்வா, பல ஆண்டு நிகழ்வா, இழப்பீட்டை எந்நாள் வரை கணக்கிடுவது என்னும் கேள்வி மூன்றாம் பக்கம். முன்னுரை, முடிவுரை என்னும் தலைப்புகளை அவள் விட்டுவிடவில்லை, தேவையும் இல்லை. அவற்றுக்குள் இப்போது கட்டப்பட வேண்டிய பொருள் இருந்தது.

ஒற்றுப்பிழைகள் இம்முறை ஐந்து. அவற்றை இருவரும் சேர்ந்து திருத்தினோம். கட்டுரையை அவள் கல்லூரியில் கொடுத்துவிட்டாள். மதிப்பெண் இன்னும் வரவில்லை. முதற்பக்கத்தைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாளாம். விதைநெல் இரண்டு மூட்டை என்று எழுதியிருந்தாய், மூன்று என்று மாற்று என்றாராம்.