ஆவியில் வெந்த பணிசும் ஓர் அடைக்கலமும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, மகாவலி கங்கையை அண்டி அமைந்துள்ளது வில்கமுவ. இலங்கையின் எந்த ஊரையும் போல அங்கும் 'பாண்' அன்றாட உணவு. யப்பானியரும் அதனைப் 'பன்' என்றே அழைக்கின்றனர். இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஒரே சொல்லின் வாரிசுகள்.

ஆயினும், யப்பானியர் வரிசையில் நின்று வாங்கிச் செல்லும் பணிஸ் ஒன்று போறணையில் வேகுவதில்லை, ஆவியில் வேகுகிறது. நமது கொழுக்கட்டையின் தூரத்து உறவு என்று அதனைச் சொல்லலாம். அரிசி மாவுக்குப் பதிலாகப் புளித்த கோதுமை மா. பயறுக்கும் சர்க்கரைக்கும் பதிலாகப் பன்றி இறைச்சியும் வெங்காயமும். சீனம் தந்த இப்பண்டத்துக்குத் தோக்கியோவில் 'நிக்குமன்', அதாவது இறைச்சிப் பணிஸ், என்று பெயர். ஒசாக்காவில் இறைச்சி என்றாலே மாட்டிறைச்சிதான். எனவே அங்கு 'புத்தாமன்', பன்றிப் பணிஸ். ஒசாக்காவில் இதற்குப் பெயர்பெற்ற '551 ஹோராய்' கடையை 1945இல் தொடங்கியவர் தாய்வானிலிருந்து வந்து குடியேறியவர்.

தோக்கியோவில் இதனைப் பரப்பிய கடையின் கதையோ நம்மவர் வரலாற்றைத் தொடுகிறது. சோமா ஐசோவும் அவர் மனைவி கொக்கோவும் 1901இல் ஏற்று நடத்தத் தொடங்கிய பாண் கடை, நக்கமுராயா. 1912இல் தில்லியில் வைசிராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய சதியில் தேடப்பட்ட ராஷ் பிகாரி போஸ், 1915இல் யப்பானுக்குத் தப்பிச் சென்றார். பிரித்தானியாவின் நெருக்குதலால் யப்பானிய அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தது. தம் அரசின் ஆணையையும் மீறி, கடையின் பின்புறக் கட்டடத்தில் அவரை மறைத்து வைத்தது அந்தத் தம்பதி. கடை ஊழியரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஆணை பின்னர் கைவிடப்பட்டது. பிரித்தானிய உளவாளிகள் அவரைக் கைவிடவில்லை. 1918இல் சோமா தம்பதியரின் மூத்த மகள் தொஷிக்கோ அவரை மணந்தார். ஓயாத தலைமறைவு வாழ்வில் நலிந்து 1925இல் இறந்தும் போனார்.

1927இல் நக்கமுராயா உணவகம் திறந்தபோது, போஸின் யோசனைப்படி இந்தியக் கறி பரிமாறப்பட்டது. ஆங்கிலேயர் வழியாக வந்த கறியையே அறிந்திருந்த யப்பானியருக்கு உண்மையான இந்தியச் சுவையைக் காட்டுவது அவரது நோக்கம். சீனப் பயணத்தில் சுவைத்த ஆவிப் பணிசை யப்பானிய நாவுக்கேற்ப மாற்றி, சோமா தம்பதி விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான்.

1943 யூலை 4ஆம் திகதி, சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவர் இதே ராஷ் பிகாரி. அவ்வியக்கத்தின் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து திரளாகச் சேர்ந்தோர் தமிழ்த் தொழிலாளர். ஜான்சிராணிப் படையில் இறப்பர்த் தோட்டத்துப் பெண்களும் துவக்கேந்தினர். ராஷ் பிகாரி 1945 சனவரியில் தோக்கியோவில் மறைந்தார். அவர் மகன் அதே ஆண்டு ஒக்கினாவாப் போரில் மாண்டார்.

சுபாஷின் படத்தை வீட்டில் மாட்டிய தமிழர் பலர். அவருக்கு முன்னவரைக் காத்த பாண் கடைக்காரரை அறிந்தோர் சிலரே. நாடிழந்து அந்நியர் வாசலில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அவ்வாறு நின்றவனுக்குக் கதவைத் திறந்த ஒரு கடை, இன்றும் சிஞ்சுக்குவில் கறி பரிமாறுகிறது. அதன் ஆவிப் பணிசும் விற்பனையாகிறது.