முதலில் ஊசி, பிறகு உறுப்பு

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே பொருத்திய சிறுநீரகம் நிலைத்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் என்பதால், அந்த உறுப்பை உடல் அந்நியமாகக் கருதவில்லை. மற்றவர்களுக்கு வழி திறந்தது அசாதயோபிரின் என்ற மாத்திரை. 1962இல் இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை அந்த மாத்திரையின் துணையோடு ஓராண்டுக்கு மேல் இயங்கவைத்தார் மர்ரே. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் இது சாத்தியமானது. தடுப்பூசி பலிப்பதற்கும் அதே சக்திதான் வேண்டும்; சிக்கல் அங்கே தொடங்கியது.

முதல் பயம் பெரியம்மை ஊசியைப் பற்றியது. அதில் இருந்தது உயிருள்ள வாக்ஸினியா வைரஸ். நல்ல உடம்பில் குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பி, பொருக்கு தட்டி, தழும்பாகிவிடும். எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கோ புண் ஆறாமல் பரவிச் சதையை அரித்துக்கொண்டே போகும். சிலர் இறந்தும் போனார்கள். இத்தகைய அனுபவங்களால், உயிருள்ள கிருமி அடங்கிய எந்த ஊசியும் மாற்று உறுப்பு பெற்றவருக்கு ஆகாது என்பது எழுதப்படாத சட்டமானது.

ஆனால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குத்தான் சின்னம்மை அதிக ஆபத்தானது. 1964இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பணியாற்றிய ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தாகாஹாஷியின் மகனுக்குச் சின்னம்மை கடுமையாகக் கண்டது. மகன் பிழைத்தான், தகப்பன் தடுப்பூசி தேடலில் இறங்கினார். ஓகா என்ற குடும்பப் பெயர் கொண்ட சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸை வலுவிழக்கச் செய்து, 1974இல் முடிவுகளை வெளியிட்டார். அம்மை பரவிய மருத்துவமனை வார்டில் இருந்த குழந்தைகளுக்கே அதைப் போட்டிருந்தார். அவர்களில் ஸ்டீராய்டு எடுத்துவந்தவர்களும் உண்டு!

உயிருள்ள ஊசிகளை அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே போட்டு முடிப்பது பின்னாளில் நடைமுறையானது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும்போதே தடுப்பூசி அட்டையையும் பார்க்கிறார்கள்.

செயலிழக்கச் செய்த கிருமிகளைக் கொண்ட ஊசிகள் பற்றி வேறொரு சந்தேகம் இருந்தது. அடக்கி வைத்திருக்கும் சக்தியை ஊசி தட்டி எழுப்பினால், அது புது உறுப்பின் மேலேயே பாய்ந்துவிடாதா? 2009 பன்றிக் காய்ச்சலின்போது இந்தக் கேள்வி பலமாக எழுந்தது. ஃப்ளூ ஊசி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஊசியால் நிராகரிப்பு கூடியதாகத் தெரியவில்லை.

கொரோனா காலத்தில் கவலை திசைமாறியது. ஊசி கெடுக்குமா என்ற கேள்வி போய், பலிக்குமா என்ற கேள்வி வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 2021இல் மாற்று உறுப்பு பெற்ற 436 பேரைச் சோதித்தபோது, முதல் டோஸுக்குப் பின் 17 சதவீதத்தினரிடமே எதிர்ப்பொருள் தென்பட்டது. இரண்டாவது டோஸுக்குப் பிறகு 658 பேரில் 54 சதவீதம். அந்த ஆகஸ்டில் அமெரிக்கா இவர்களுக்கு மூன்றாவது டோஸை அனுமதித்தது.

பழைய சட்டமும் தளர்ந்து வருகிறது. கல்லீரல் பெற்ற குழந்தைகளுக்குச் சின்னம்மை ஊசியைப் பத்திரமாகப் போட முடிந்ததை ஜெனீவா மருத்துவர்கள் 2012இல் எழுதினார்கள். தடுப்பூசி போடாதோர் பெருகிய ஊர்களில் தட்டம்மை திரும்பிவந்ததும் யோசிக்கவைத்தது. அறுவை முடிந்து ஓராண்டு கடந்து, மருந்தளவு குறைந்து, உடல்நிலை சீராக உள்ள, கல்லீரல் அல்லது சிறுநீரகம் பெற்ற குழந்தைகளுக்குத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளைக் கண்காணிப்போடு போடலாம் என்று 2019இல் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது.