கேழ்வரகின் 328

காலையில் அம்மா கூழை ஊற்றி வைத்ததும் தங்கை கைபேசியை எடுத்து, 'கேழ்வரகு மாவு, 100 கிராம்' என்று செயலியில் பதிகிறாள். 328 கலோரி என்று வருகிறது. அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அது பிறந்ததே பசியைக் கணக்கெடுக்கத்தான். இன்று அதை இளைப்பதற்கான கருவியாக மட்டும் பார்க்கிறோம் என்பது எனக்கு வருத்தம்.

பாரிஸில் 1783ஐ ஒட்டிய குளிர்காலத்தில் அறிவியலாளர்கள் லவாய்சியேவும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்துக்குள் கினிப்பன்றியை வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகியது என்று நிறுத்துப் பார்த்தார்கள். மூச்சு விடுவதும் மெல்ல எரிவதுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். கலோரி என்ற சொல் அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து அதே ஊரில் நிக்கோலா கிளெமானின் வகுப்புகளில் வந்தது. அப்போது பேச்சு நீராவி எஞ்சினைப் பற்றி; சோற்றைப் பற்றியல்ல.

சோற்றுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் வில்பர் அட்வாட்டர். அமெரிக்காவின் மிடில்டவுனில், வெஸ்லியன் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் நிலவறையில், 1890களில் ஒரு சிறு அறையை அமைத்தார். மனிதர் ஒருவர் நாள்கணக்கில் அதற்குள்ளேயே உண்டு, உறங்கி, சைக்கிள் மிதிப்பார். அவர் உடல் விட்ட வெப்பம், மூச்சு, கழிவு எல்லாம் வெளியே அளக்கப்பட்டன. புரதம் கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9 என்ற வாய்பாடு அட்வாட்டருடைய உழைப்பில் வந்தது. கூலியில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகும் தொழிலாளி, கையிலுள்ள காசுக்கு எதை வாங்கினால் உடம்பில் தெம்பு நிற்கும்? அட்வாட்டரை அரித்த கேள்வி இதுதான்.

1918இல் பாதை பிரிந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ், கலோரி எண்ணி உடல் இளைக்கும் வழியைச் சொல்லும் நூலை வெளியிட்டார். அது அமோகமாக விற்றது. அதே ஆண்டில் நம் குன்னூரில், பாஸ்டியர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசியே உணவாகிப்போனவர்களின் நோய் அது. அங்கே மிகுதி அல்ல, குறைவுதான் எண்ணப்பட்டது.

அந்த ஓர் அறை ஆய்வகமாக வளர்ந்தது. மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டின் காலத்தில், 1937இல், இந்திய உணவுகளின் சத்து அட்டவணை ஒரு சிறு நூலாக வந்தது. வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்திலும் அவர் பின்னர் உறுப்பினராக இருந்தார். 1958இல் ஆய்வகம் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் உடன் பணியாற்றியவர்களும் 1971இல் அந்த அட்டவணையைப் புதுக்கினார்கள். அதில்தான் கேழ்வரகுக்கு எதிரே 328 நிற்கிறது.

அந்த எண் யாரோ மனத்தில் போட்ட கணக்கல்ல. தானியத்தை அரைத்து, உலர்த்தி ஈரத்தை எடை போட்டார்கள்: 13.1. ஈதரில் கரைத்துக் கொழுப்பைப் பிரித்தார்கள்: 1.3. நைட்ரஜனை அளந்து புரதம் கண்டார்கள்: 7.3. சாம்பல் 2.7, நார் 3.6. நூறில் எஞ்சிய 72 மாவுச்சத்து. இவற்றை அட்வாட்டரின் 4, 9, 4 கொண்டு பெருக்கிக் கூட்டினால் 328.9 வரும்; பின்னத்தை விட்டால் 328. முதல்முறை நானே போட்டுப் பார்த்தபோது, மிடில்டவுன் நிலவறையும் எங்கள் வீட்டுக் கூழும் ஒரே தாளில் சந்தித்தது போலிருந்தது.

2017இல் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரிகள் திரட்டி, 528 உணவுகளுக்குப் புது அட்டவணை வந்தது. அதில் ஆற்றல் கிலோஜூலில் தரப்பட்டிருக்கிறது. எந்த அட்டவணையைப் பின்பற்றுகிறது என்பதைப் பொறுத்துச் செயலிக்குச் செயலி எண் கொஞ்சம் மாறுகிறது. இட்லி, சாம்பார் என்று தேடினால் வேறுபாடு இன்னும் பெரிது. பயனர்கள் அவரவர் பதிந்த எண்களும் அங்கே கலந்திருக்கும்.

செயலியில் உள்ள உடற்பயிற்சிக் கட்டத்தின் கதை வேறு. 1993இல் பார்பரா எயின்ஸ்வொர்த்தும் மற்றவர்களும் ஒவ்வொரு வேலைக்கும், ஓய்வில் ஆகும் ஆற்றல் செலவைப்போல் எத்தனை மடங்கு என்று காட்டும் 'மெட்' என்ற மதிப்பு தந்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். 60 கிலோ எடையுள்ளவர் 4 மெட் வேகத்தில் அரைமணி நடந்தால் 120 கலோரி. ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானவர்களின் பதில்களை வகைப்படுத்தச் செய்த சராசரி அது. அந்த 120ஐ நம்பி அதே அளவுக்குப் பலகாரம் சாப்பிட வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னேன். 328 என்பது மாவுக்கு. தண்ணீரும் மோரும் சேர்ந்த கூழுக்கு அல்ல. அம்மா மாவு அள்ளும் டம்ளரைத் தங்கை தராசில் வைத்து ஒருமுறை நிறுத்துக்கொண்டாள். அட்டவணையில் அதே வரியில் கொஞ்சம் தள்ளி, சுண்ணாம்புச்சத்து 344 மில்லிகிராம் என்று இருக்கிறது. அவள் திரையில் அந்தக் கட்டமே இல்லை. புத்தகத்தைத் திறந்து காட்டினேன். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் இரண்டு எண்களையும் எழுதி, மாவு டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்தாள்.